குழம்பு யார் வண்டியில் போனது

ஆராய்ச்சிக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பழைய ஆள் ஒருவர் தன் அனுபவத்தை எழுதித் தந்தால் நன்றாக இருக்கும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்து வேறு வேலை வந்துவிட்டது. அதனால் என்னிடம் வந்து நிற்கிறார்கள். நான் எட்டாவது ஃபெயில். ஏழாவதில் எப்படிப் பாஸானேன் என்பது எங்கள் வாத்தியாருக்கே விளங்காத விஷயம். ஆகவே இதில் கணக்கு எதுவும் வராது, பயப்படாமல் படிக்கலாம்.

நான் அடிப்படையில் மைக்செட்காரன். மயிலாப்பூரில் ஒரு சவுண்ட் சர்வீஸில் இருந்தேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் விளக்குக் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. கட்டி முடித்ததும் "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று சொல்வதும் நான்தான். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான். ஆனால் அந்த ஆங்கிலத்தை மாடவீதி நான்கிலும் கேட்கிற மாதிரி பேசியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேர் அப்படிப் பேசியிருக்கிறீர்கள்?

தொண்ணூறுகளின் நடுவில், அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்து மொட்டை மாடியில் ஆண்டெனா கட்ட ஆள் கேட்டார்கள். ஒருநாள் வேலை என்றுதான் போனேன். நான்கு ஆண்டெனா கொடுத்தார்கள். நான்கையும் ஒரே கம்பத்தில், திருவிழா ஸ்பீக்கர் மாதிரி கொத்தாகக் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. திருஷ்டி பட்டுவிடக் கூடாதே என்று ஒரு எலுமிச்சம்பழமும் நாலு மிளகாயும் தொங்கவிட்டேன்.

அதைப் பார்க்க மேலே வந்தவர்தான் நம் மேடம். அப்போது அங்கே ஆராய்ச்சி மாணவி. என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். பெயரைச் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு, அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்வோம். கம்பத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார்.

"அண்ணே, எலுமிச்சம்பழம் இருக்கட்டும். ஆண்டெனாவை மட்டும் பிரிச்சுக் கட்டுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அதை மேடம் கவனித்திருக்க வேண்டும். நாலு பேர் ஒரே இடத்தில் நின்று கேட்டால் நாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் கேட்கும், மாடியின் நாலு மூலையில் நின்று கேட்டால் ஆளுக்கு ஒரு மாதிரி கேட்கும், தனக்கு அந்த வித்தியாசம்தான் வேண்டும் என்று விளக்கினார். எட்டாவது ஃபெயிலுக்கு யாரும் அப்படி நின்று காரணம் சொல்லி நான் பார்த்ததில்லை. "கட்டு", "அவிழ்", இந்த இரண்டு வார்த்தைதான் அதுவரை எனக்குக் கிடைத்தவை.

கட்டிக்கொண்டே பேசியதில் அவருடைய ஆராய்ச்சி இன்னதென்று எனக்கு ஒருவாறு பிடிபட்டது. ஒயர் இல்லாமல் போகிற சிக்னல் நேராக வந்து சேருவதில்லை. சுவரில் மோதி, தண்ணீர்த் தொட்டியில் மோதி, துண்டு துண்டாக, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வருகிறது. வழியில் என்ன ஆனது என்று தெரிந்தால்தான் அதைப் பிரித்து எடுக்க முடியும். அதற்கு ஊரெல்லாம் என்ன செய்கிறார்கள் என்றால், அனுப்புகிறவர் முதலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை அனுப்புவார். வாங்குகிறவர் அது எப்படிக் கோணலாகி வந்திருக்கிறது என்று பார்த்து வழியைத் தெரிந்துகொள்வார்.

"அட, மைக் டெஸ்டிங்" என்றேன்.

மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, அதேதான் என்றார். ஆனால் ஓடுகிற வண்டியிலிருந்து அனுப்பினால் தெருவுக்குத் தெரு வழி மாறும். ஒவ்வொரு தடவையும் மைக் டெஸ்டிங் சொல்லிக்கொண்டிருந்தால் பேச்சுக்கு நேரம் ஏது? மைக் டெஸ்டிங்கே இல்லாமல், என்ன பேசுகிறார்கள் என்றும் தெரியாமல், நாலு ஆண்டெனாவில் விழுவதை ஒன்றோடொன்று ஒப்பிட்டே வழியைக் கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. பிளைண்ட் முறை என்று அதற்குப் பெயர். ஒருநாள் வேலைக்குப் போன நான் மறுநாளும் போனேன். சவுண்ட் சர்வீஸ் முதலாளி என்னைத் தேடியதாகத் தெரியவில்லை.

இப்போது குழம்பு விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த வேலைக்குப் பணம் கொடுத்த இடத்திலிருந்து மூன்று பேர் குழு ஒன்று வருவதாகச் செய்தி வந்தது. கணக்கில் சரியாக வருகிறது, சென்னைத் தெருவில் வருமா என்று அவர்களுக்குச் சந்தேகம். திருப்தி இல்லையென்றால் திட்டத்தை அத்தோடு மூடிவிடுவார்கள். மேடத்தின் ஆராய்ச்சி பாதியில் நிற்கும், நான் கம்பம் ஏறப் போக வேண்டும். எனக்காவது கம்பம் இருந்தது. மேடத்துக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவைத்திருந்தார்கள், இது முடியட்டும் என்று அவர்தான் தள்ளிக்கொண்டு வந்தார். இது நின்றுபோனால் தள்ள வேறு காரணம் இல்லை.

பரீட்சையை அந்தக் குழுவே வைத்தது. இரண்டு வண்டிகள். மயிலாப்பூர்ப் பக்கம் ஒன்று, பெசன்ட் நகர்ப் பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் அனுப்பும். தி.நகரில் பக்கத்துப் பக்கத்து மண்டபத்தில் இரண்டு கல்யாணம் நடந்து, இரண்டு ஸ்பீக்கரும் ஒருசேர அலறினால் எப்படி இருக்கும், அப்படி. என்ன செய்தி என்பதை அவர்களே பதிந்து, பெட்டியை சீல் வைத்துக் கொண்டுவருவார்கள். ஆண்டெனா எங்கெங்கே நிற்கிறது என்பதைக்கூடக் கம்ப்யூட்டருக்குச் சொல்லக் கூடாது. கலந்து வருவதைக் கேட்டு இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

மயிலாப்பூர் வண்டி நான். ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய வேன். பெசன்ட் நகர் வண்டி என் நண்பன் அந்தோணியின் ஆட்டோ. அவன் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரன், அந்தப் பக்கத்துச் சந்தெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

குழுவின் தலைவி ஒரு மயிலாப்பூர் மாமி. வானொலி இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கேட்டருகே அவரே வந்து என் வேனில் பெட்டியை ஏற்றச் சொன்னார். நான் வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என் மைக்செட் வரலாற்றை ஆரம்பித்துவிட்டேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். மாடவீதியில் நடந்த தன் பெண் கல்யாணத்துக்கு நான்தான் கட்டியிருப்பேனோ என்றுகூட விசாரித்தார். போகிற போக்கில் சொன்னார்:

"உன் பெட்டில வத்தக்குழம்பு செய்முறை. நானே படிச்சேனாக்கும். அந்த ஆட்டோல புயல் நியூஸ். பத்திரமா ஓட்டிண்டு போ."

இவ்வளவு பெரிய மனுஷி என்னை நம்பி ரகசியம் சொல்லிவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வேனைக் கிளப்பும்போதே அந்தோணிக்கு என் முகத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்துவிட்டது.

"இன்னா மைக்கு, மூஞ்சில இப்டி பல்பு எரியுது? இன்னா மேட்டரு?"

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அந்தோணியிடம் சொல்லாமல் அடக்கியதே எனக்குச் சாதனை. ஆனால் லஸ் தாண்டுவதற்குள் வயிறு உப்பிவிட்டது. மாடவீதியில் ஒரு தண்ணீர் லாரி குறுக்கே நிற்க, அதைச் சுற்றி பிளாஸ்டிக் குடங்களோடு பெண்கள் நிற்க, என் வேன் நகரவில்லை. நகராத வேனில் நானும் ஒரு ரகசியமும் மட்டும். கையில் வாக்கி-டாக்கி வேறு இருந்தது.

அதில் எதைப் பேசலாம் என்பதற்கு மேடம் கண்டிப்பான விதி வைத்திருந்தார். கிளம்பியாச்சு, நின்னாச்சு, மாட்டிக்கிட்டேன். மூன்றே செய்தி. நான் பொத்தானை அழுத்தி, "மேடம், மாட்டிக்கிட்டேன். அப்புறம் என் பெட்டியில" என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் பட்டென்று அணைந்துவிட்டது. பேட்டரி போயிருக்கும் என்று மறுபடி கூப்பிட்டேன். மறுபடி பட்டென்று. மூன்றாவது முறை எடுத்ததும், "வண்டி நகர்ந்ததும் சொல்லுங்க அண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு நல்லது செய்யப் போனால் இப்படி முகத்தில் அடிக்கிறாரே என்று தண்ணீர் லாரியிடம் சொல்லிப் புலம்பினேன்.

சுற்றி முடித்து அடையாறு திரும்பியபோது கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதைய கம்ப்யூட்டர் இப்போது உங்கள் பாக்கெட்டில் இருப்பதைப் போல இல்லை. யோசிக்கும், பெருமூச்சு விடும், மறுபடி யோசிக்கும். குழு சாப்பிட்டு வந்த பிறகும் யோசித்துக்கொண்டிருந்தது. மேடம் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்வை பார்த்த புரொபசர், அறைக்கும் வராந்தாவுக்குமாக நடந்தார். நல்ல மனிதர் அவர், ஆனால் பயம் வந்தால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவார். நானும் அந்தோணியும் கதவோரம் நின்றோம்.

கடைசியில் ஸ்பீக்கர் கரகரத்தது. பிறகு தெளிவாக, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வருவதுபோல, மாமியின் குரல்: மணத்தக்காளி வத்தலை நல்லெண்ணெயில் வறுத்துக்கொள்ள வேண்டும், புளியைக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். அது முடிந்ததும் ஓர் ஆண் குரல், வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை, மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். ஒன்றின் மேல் ஒன்று ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

அந்தோணி என் விலாவில் இடித்தான். புரொபசர் நெற்றியைத் துடைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

குழுவில் கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். அவர் மேடத்திடம் கேட்டார்: "நல்லா இருக்கு. இதுல எது மயிலாப்பூர்லேர்ந்து வந்தது, எது பெசன்ட் நகர்?"

மேடம் வாயைத் திறப்பதற்குள் எனக்குக் கை பரபரத்தது. மேடம் பார்க்கிற மாதிரி கதவோரத்தில் நின்று, கையால் கரண்டி பிடித்துக் குழம்பைக் கிண்டிக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக்காட்டினேன். குழம்பு, நான். குழம்பு, நான். அவர் கண் ஒருமுறை என் மேல் பட்டது. பிறகு சுவரில் இருந்த சுவிட்சைப் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றார்.

புரொபசர் மெல்ல, "குழம்பு கொஞ்சம் சத்தமா இருந்ததேம்மா. பெசன்ட் நகர்தானே கிட்ட" என்று எடுத்துக் கொடுத்தார். மேடம் அதையும் வாங்கிக்கொள்ளவில்லை. கிட்டே இருந்து மெதுவாகப் பேசினாலும், தூரத்தில் இருந்து கத்தினாலும் இந்த முறைக்கு இரண்டும் ஒன்றுதான். சத்தத்தை வைத்துச் சொன்னால் அது ஊகம். இரண்டு பேரைப் பிரிக்க முடியும், எது யாருடையது என்று பெயர் வைக்க இந்த முறையால் முடியாது. இன்றைக்கு மட்டும் இல்லை, என்றைக்குமே முடியாது. இதை நிதானமாகச் சொன்னார்.

கண்ணாடிக்காரர் பேனாவை மூடினார். அனுப்பினது யார் என்றே தெரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. திட்டம் மூடப்போகிறது, மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி போகப்போகிறது, ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்துவிடும், இந்தப் பெண் ஏன் சொல்ல மாட்டேன் என்கிறது என்று எனக்குக் கோபமே வந்தது.

அப்போது மாமி என் பக்கம் திரும்பினார். "அங்க ஒருத்தர் ரொம்ப நேரமா ஏதோ கிண்டிண்டிருக்காரே. உனக்குத் தெரியுமோ?"

மைக் கையில் கிடைத்தவன் விடுவேனா? ஒரு அடி முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, "குழம்பு என் வண்டில வந்ததும்மா. மயிலாப்பூரு. புயல் அந்தோணிது" என்றேன்.

"நிச்சயமா?"

"சத்தியமா."

மாமி கண்ணாடிக்காரரைப் பார்த்தார். "பாத்தேளா? குழம்பு ஆட்டோல போச்சு. இவன்கிட்ட நான் காத்தாலயே மாத்திச் சொல்லிட்டேன்."

என் நெஞ்சு நிமிர்ந்தபடியே நின்றது. அதை எப்படி மடக்குவது என்று தெரியவில்லை. அந்தோணி பக்கத்தில் நின்று, "குழம்பு நம்மளுதா?" என்று கேட்டான். அவனுக்கு அதுவரை எதுவுமே தெரியாது.

மாமி எழுந்துவந்து விளக்கினார். எத்தனையோ ஆராய்ச்சிக்கூடம் பார்த்திருக்கிறாராம். இந்த மாதிரி பரீட்சையில் எல்லோருக்கும் எல்லாம் எப்படியோ முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதாம். யார் மூலமாகத் தெரிகிறது என்று பார்க்கத்தான் காலையில் கேட்டில் ஒரு பொய்யைப் போட்டுவைத்தார். "யார்கிட்ட போடறதுன்னு யோசிக்கவே வேண்டியிருக்கல. வண்டில ஏறறதுக்குள்ள தன் ஜாதகமே சொல்லிட்டான்." இந்தப் பெண் இவன் பேச்சைக் கேட்டிருந்தால் தப்பாகச் சொல்லியிருப்பாள். தெரியாது என்றாள். அப்படியானால் இவள் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை, இவள் கம்ப்யூட்டரும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பிரிந்து வந்த இரண்டு குரலும் நிஜமாகவே பிரித்தெடுத்தவைதான்.

கண்ணாடிக்காரர் உடனே விட்டுவிடவில்லை. பெயர் தெரியாத குறை குறைதானே என்றார். மேடம் அதற்கும் மறைக்காமல் பதில் சொன்னார்: ஒவ்வொருவரும் ஆரம்பத்தில் தன் பெயரை மட்டும் ஒருமுறை சொன்னால் போதும். "ஆமா சார், அதுவும் மைக் டெஸ்டிங்தான். ஆனா பேர் அளவுக்கு மட்டும்." கண்ணாடிக்காரர் பேனாவைத் திறந்தார். அந்தப் பேனா திறந்த சத்தத்துக்கு நான் இன்றைக்கும் கும்பிடு போடுவேன். பெயர் வைக்கும் வழியையும் சேர்த்துச் செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு திட்டத்தை நீட்டித்தார்கள்.

மாமி காரில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அடுத்த வாரம் இன்னொரு ஊரில் இதே மாதிரி பரீட்சை இருக்கிறதாம். "வந்து இதே மாதிரி தைரியமா தப்பா சொல்றியா?" என்று கேட்டார். போயிருப்பேன். மேடம்தான் விடவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, நாலு மூலையிலும் ஆண்டெனாவுக்குத் தார்ப்பாய் போர்த்த மேடமும் நானும் மாடிக்குப் போனோம். வாய் பேசாமல் முடிச்சுப் போட்டேன். என் வரலாற்றில் அது பெரிய விஷயம். மூன்றாவது மூலைக்கு வந்தபோது அடக்க முடியவில்லை.

"மேடம், நான் கை காட்டினது உங்களுக்குத் தெரியலயா?"

"தெரிஞ்சுதே. குழம்பு கிண்டினீங்க. குழம்பு உங்களுதுன்னு சொன்னீங்க."

என் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது. அவர் பார்க்கவில்லை என்றுதான் அதுவரை நான் நினைத்திருந்தேன். புரிந்துகொண்டுதான் சுவிட்சைப் பார்த்திருக்கிறார். என் பேச்சு பொய் என்று அவருக்கும் அப்போது தெரியாது. கையில் பதில் இருப்பதாக நம்பிக்கொண்டே, எல்லாம் மூழ்கப்போகிற நேரத்தில், தெரியாது என்று சொல்லியிருக்கிறார்.

"பின்ன ஏன் சொல்லல?"

"அது உங்களுக்குத் தெரிஞ்சது அண்ணே. அவங்க கேட்டது என் முறைக்குத் தெரியுமான்னு." தார்ப்பாயின் நுனியை என் பக்கம் தள்ளினார். "இத இழுத்துக் கட்டுங்க. காத்து அடிக்குது."

இழுத்துக் கட்டினேன். உங்களுக்கெல்லாம் இதைப் பாடமாகச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. நீங்கள் பெரிய பெரிய கணக்குப் போடுகிறவர்கள். ஆனால் எப்போதாவது ஒருநாள், நல்ல மனசோடு ஒருத்தன் கதவோரத்தில் நின்று உங்களுக்குக் குழம்பு கிண்டிக் காட்டுவான். அவன் கெட்டவன் இல்லை. அவனிடம் கோபப்படாதீர்கள். மேடம் என்னிடம் அன்றைக்கும் கோபப்படவில்லை, அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை ஒருமுறைகூட அந்தக் கதையைச் சொல்லி என்னைக் குத்தவில்லை. அடுத்த பரீட்சைக்கும் வண்டிச் சாவியை என்னிடம்தான் நீட்டினார். எனக்கு மனிதர்கள் நிறைய உதவி செய்திருக்கிறார்கள், அந்தச் சாவிக்கு ஈடாக எதுவும் இல்லை.

அடுத்த பரீட்சைக்கு வேறு குழு. கேட்டருகே ஓர் இளைஞர் பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, சிநேகமாகச் சிரித்து, "அண்ணா, உங்க பெட்டில என்ன இருக்குன்னா" என்று ஆரம்பித்தார். நான் பெட்டியை வேனில் போட்டுவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு டிரைவர் சீட்டுக்கு ஓடினேன். என்னைப் பார்த்து அந்தோணி ஆட்டோவிலேயே விழுந்து விழுந்து சிரித்தான். மாடியிலிருந்து மேடம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதிலிருந்து கையை எடுக்காமல் ஸ்டியரிங்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.